தொண்ணூற்றைந்தில் தெறிக்காது

ஜூன் 9, திங்கள்

மறுபடியும் மாங்கூழ் ஃபேக்டரி. காலை ஏழு மணிக்கே மேனேஜர் சம்பத்குமார் போன். "எத்திராஜ் சார், உங்க பெட்டி பைத்தியம் புடிச்ச மாதிரி ஆடுது. உடனே கெளம்பி வாங்க." என் பெட்டியாம். ஒழுங்காக ஓடினால் அவர்கள் பெட்டி, ஆடினால் என் பெட்டி. பல்கூட விளக்காமல் பேசினேன், அதனால் திட்டாமல் விட்டேன்.

ஓசூரிலிருந்து பைக்கில் போய்ச் சேரும்போது மணி பத்து. கூழை டின்னில் அடைப்பதற்கு முன்னால் தொண்ணூற்றைந்து டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். குறைந்தால் கெட்டுப்போகும், கூடினால் கருகும். அந்தச் சூட்டை நொடிக்கு நொடி எழுதி வைக்கும் பதிவுக்கருவியை ஏப்ரல் 28 அன்று நான்தான் பொருத்திக் கொடுத்தேன். வெளிநாட்டுக்காரர்கள் கிராஃப் இல்லாமல் கூழ் வாங்குவதில்லை. கருவி காட்டுகிற எண்ணை வைத்துத்தான் ஸ்டீம் வால்வும் தானாகத் திறந்து மூடும்.

காலையில் கிராஃப் கோடு நேராக ஓடுகிறது. பதினொரு மணிக்கு மேல் மேலும் கீழும் ஆடுகிறது. மதியக் கூழ் பழுப்பு நிறம், கருகிய வெல்ல வாசனை. லேப்பில் தினமும் ஐம்பது டின் கழித்துத் தள்ளுகிறார்கள்.

ஆபரேட்டர் திம்மராஜிடம், "வால்வுல கை வெக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அந்தப் பக்கமே நான் போறதில்ல சார். முனிலட்சுமிக்கு ஆன கதி எனக்கெதுக்கு?"

முனிலட்சுமி இவருக்கு முன்னால் இருந்த ஆபரேட்டர். ஏழு சீசன் வேலை செய்தவள். மே மாதம் முழுக்க மதியமானால் ஸ்டீமைக் கையால் அடைத்திருக்கிறாள். கிராஃப் எண்பத்தொன்று வரைக்கும் இறங்கியது. கண்டுபிடித்தது நான். மே 30 அன்று கேன்டீனில் எல்லோர் முன்னாலும் இந்த நோட்டைப் பிரித்து தேதி, மணி எல்லாம் படித்தேன். அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். எனக்கும் சங்கடம்தான். ஆனால் கிராஃப் பொய் சொல்லாது.

ஜூன் 10, செவ்வாய்

சென்சாரைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் விட்டேன். பூஜ்யம். கொதிக்கிற தண்ணீரில் விட்டேன். தொண்ணூற்றெட்டேகால். இந்த ஊர் உயரத்துக்கு அதுதான் சரியான எண். மணி எட்டுகூட ஆகவில்லை, பாதி வேலை முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பழைய ஆட்டம்.

பேனலில் ஒவ்வொரு திருகாக இறுக்கிப் பார்த்தேன். எல்லாம் கெட்டி. ஒயர் முனைகளுக்கு நம்பர் போட்ட வெள்ளை உறை மாட்டி வைத்திருக்கிறேன், பார்க்கவே அழகாக இருக்கிறது. மேலே பிளாட்ஃபாரத்தில், தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸை மட்டும் திறக்கவில்லை. சென்சாரிலிருந்து வரும் ஒயரும் பேனலுக்கு வரும் கேபிளும் சேரும் இடம் அது. அதில் என் புள்ளி இருக்கிறது. ஒரு திருகை இறுக்கிச் சரிபார்த்துவிட்டால் அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பாலிஷ் வைப்பேன். என் மனைவி புஷ்பவல்லியுடைய அரக்குக் கலர். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். புள்ளி இருந்தால் எத்திராஜ் பார்த்தாயிற்று என்று அர்த்தம், அதற்கு மேல் யாரும் தொட வேண்டாம்.

ஜூன் 12, வியாழன்

பம்பு மோட்டார் மேல் சந்தேகம். அதன் கேபிளும் சென்சார் கேபிளும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. மோட்டாரின் இரைச்சல் சென்சாருக்குள் புகுந்திருக்கலாம். முனைகளைக் கழற்றாமலே இருபது மீட்டர் கேபிளைத் தட்டிலிருந்து பிரித்துத் தனியாக இழுத்தேன். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. எர்த்தும் புதிதாகப் போட்டேன்.

பலன் ஒன்றுமில்லை. கேன்டீன் உப்புமா சிமென்டைக் குழைத்து வைத்தது போல் இருந்தது. அதையும் தின்றேன்.

ஜூன் 13, வெள்ளி

புது சென்சார் போட்டேன். பிளக்கில் செருகினால் போதும், ஜங்ஷன் பாக்ஸைத் திறக்க வேண்டியதில்லை. அதே ஆட்டம்.

ஜூன் 14, சனி

கருவிக்குள் இருக்கும் சர்க்யூட் கார்டையே மாற்றினேன். அதே ஆட்டம். "என்னா சார், ஒரு வாரமா தாயம் ஆடிக்கினு இருக்கீங்க?" என்று பாய்லர்காரர் கேட்டார். பதில் சொல்லியிருப்பேன், வாயில் ஸ்பேனர் இருந்தது.

பொருத்திய அன்றைக்கும் இந்தச் சென்சார் ஒரு சின்னத் தகராறு செய்தது நினைவுக்கு வருகிறது. சூடு ஏற ஏற எண் இறங்கியது. பேனலிலேயே சரிசெய்துவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மதியம் இரண்டரைக்குத் திம்மராஜ் லேப்புக்கு எடுத்துப்போக சாம்பிள் குழாயைத் திறந்தார். கூழ் புஸ்ஸென்று சீறித் தெறித்தது. சட்டைக் கையில் பட்டது, நல்லவேளை, தோலில் படவில்லை. கருவியைப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து.

மே 30 அன்று முனிலட்சுமி இதைத்தான் சொன்னாள். மணிக்கட்டில் கொப்புளத்தைக் காட்டினாள். "சார், தொண்ணூத்தஞ்சுல கூழு தெறிக்காது. இது தெறிக்குது. அதான் ஸ்டீமைக் கொறச்சேன்." அதற்கு நான், "தெறிக்கிறதெல்லாம் கிராஃப்ல வராதும்மா, நீ வேணும்னா ஒரு கிராஃப் வரைஞ்சு குடு" என்றேன். நாற்பது பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு நல்ல பதிலாகத்தான் தோன்றியது. இன்று வண்டியில் வரும்போது முழுக்க அதுதான் காதில் ஓடியது, எரிச்சலாக இருந்தது.

ஜூன் 16, திங்கள்

மதியம் ஒன்றே காலுக்குக் கரண்டு போயிற்று. ஜெனரேட்டரில் இயந்திரங்கள் எல்லாம் ஓடின. பேனல் அறை ஏ.சி.க்கு ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது. கருவிக்குச் சூடு ஆகாது என்று நான் சொல்லித்தான் அந்த ஏ.சி.யையே வாங்கி மாட்டினார்கள். அறை கொல்லன் பட்டறை மாதிரி ஆயிற்று. துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி நேரத்தில் கோடு ஆடுவதை நிறுத்திவிட்டது. திம்மராஜ் ஓடிவந்து, "சார், இப்ப குழாயைத் தெறந்தேன். தெறிக்கவே இல்ல, வாசனையும் நல்லாருக்கு. என்னா பண்ணீங்க?" என்றார்.

ஒன்றும் பண்ணவில்லை. வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். மூன்று மணிக்குக் கரண்டு வந்தது. ஏ.சி. ஓடியது. பழைய ஆட்டமும் வந்தது.

ஏ.சி. நின்றால் சரியாகிறது என்றால் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். எனக்கு அது தெரியும். இன்றைக்கு அதை எழுத வேண்டாம்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. மாங்காய் லோடு வரவில்லை. வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. சுவரில் சாத்தியிருந்த ஏணியைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 18, புதன்

(இந்தப் பக்கம் போனில் எடுத்த படத்தைப் பார்த்து எழுதிய நகல். மூலப்பக்கம் இப்போது என்னிடம் இல்லை. காரணத்தை ஜூலை 1-இல் எழுதியிருக்கிறேன்.)

ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். திருகுகளின் தலையில் அரக்குப் புள்ளிகள் அப்படியே இருந்தன. நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஒயர் தலைகீழாக இருந்தது.

இந்தச் சென்சாருக்கு வரும் கேபிள் சாதாரணச் செம்புக் கம்பி இல்லை. இரண்டு கம்பியும் இரண்டு வெவ்வேறு உலோகம். மாற்றிக் கொடுத்தால் சூட்டைத் தப்பாகச் சொல்லும். மற்ற எல்லா வேலையிலும் சிவப்பு என்றால் பிளஸ். இந்த இறக்குமதிக் கேபிளில் மட்டும் சிவப்பு மைனஸ். எனக்குத் தெரியாததல்ல. இதற்காக எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். ஏப்ரல் 28 அன்று என் கை பழக்கத்தில் சிவப்பைப் பிளஸ்ஸில் கொடுத்துவிட்டது. புள்ளியும் வைத்துவிட்டேன்.

கீழே வந்து ஓட்டிப் பார்த்தபோது, சூடு ஏற ஏற எண் இறங்கியது. அப்போதே புரிந்துவிட்டது, மேலே எங்கோ மாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்று. ஏணியைப் பெயின்டர்கள் பாய்லர் ஹவுஸுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதைத் தேடி எடுத்து வந்து, மறுபடி ஏறி, தகரச் சூட்டில் நிற்கச் சோம்பலாக இருந்தது. அதனால் பேனல் முனையிலும் ஒயரை மாற்றிக் கொடுத்தேன். எண் ஏற ஆரம்பித்தது. வெள்ளை உறையை மாட்டி மறைத்துவிட்டேன்.

இரண்டு தப்பும் சேர்ந்து சரியாகிவிடவில்லை. பாக்ஸும் பேனலும் ஒரே சூட்டில் இருக்கும் காலையில் மட்டும் சரி. மதியம் தகரத்துக்கு அடியில் பாக்ஸ் முப்பத்தொன்பது டிகிரி, ஏ.சி. அறையில் பேனல் பெட்டிக்குள் முப்பத்திரண்டு. வித்தியாசம் ஏழு. அது இரட்டிப்பாகிப் பதினாலு டிகிரி குறைத்துக் காட்டும். ஏ.சி. நின்று நின்று ஓடும்போதெல்லாம் எண்ணும் ஆடும்.

கருவி தொண்ணூற்றைந்து காட்டியபோது கூழ் நூற்று ஒன்பதில் இருந்திருக்கிறது. மே மாதம் கருவி எண்பத்தொன்று காட்டியபோது கூழ் மிகச் சரியாகத் தொண்ணூற்றைந்தில் இருந்திருக்கிறது. ஆபரேட்டர் கையால் ஸ்டீமைக் குறைத்ததால்தான் அப்படி இருந்திருக்கிறது.

இரண்டு முனையையும் சரியாக மாற்றிக் கொடுத்தேன். மதியக் கோடு ஆடவில்லை. கூழ் தெறிக்கவில்லை. தப்பு என்னுடையது.

ஜூன் 19, வியாழன்

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏ.சி.யும் ஒயரும் எனக்கெதுக்கு சார்? இப்ப சரியாயிடுச்சில்ல?"

"சரியாயிடுச்சு. ஆனா அந்தம்மாவை..."

"மே மாச லாட் எல்லாம் கப்பல் ஏறியாச்சு. கிராஃபே தப்புன்னு நீங்க எழுதிக் குடுத்தா அத்தனைக்கும் நான் பதில் சொல்லணும். கூழு ஒண்ணும் கெட்டுப்போகலையே, நெசமான சூடு கொறையலையே? சென்சார் பழுது, மாத்தியாச்சுன்னு ரெண்டு வரி எழுதுங்க. நீங்க சென்சார் மாத்தினது உண்மைதானே?"

"முனிலட்சுமி?"

"சீசனே முடியப்போகுது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

ஜூன் 20, வெள்ளி

எழுதிக் கொடுத்தேன். "சென்சார் பழுது. மாற்றப்பட்டது."

ஜூன் 22, ஞாயிறு

வீட்டில் இருந்தேன். புஷ்பவல்லி சாப்பாடு போடும்போது, "உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"ஏன்?"

"காலையிலேர்ந்து யாரையும் திட்டலையே. குழம்புல உப்பு இல்ல, அதையும் சொல்லாம சாப்பிடுறீங்க."

சொல்லிவிட்டேன். ஏணி வரைக்கும் சொன்னேன். கையில் கரண்டியோடு நின்று கேட்டாள். "அந்தப் பொண்ணு மொகத்துல எப்படி முழிப்பீங்க?" என்றாள். அதற்காகத்தான் முழிக்காமல் இருக்கிறேன் என்று சொன்னேன். அவள் நகப்பாலிஷ் பாட்டிலை என் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அது எனக்கு நன்றாகவே உறைத்தது.

ஜூன் 24, செவ்வாய்

முனிலட்சுமி பெங்களூர் ரோட்டோரத்தில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் மாங்காய் விற்றுக்கொண்டிருந்தார். திம்மராஜ்தான் இடம் சொன்னார். முன்னால் கிளிமூக்கு மாங்காய்க் குவியல். பைக்கை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றேன்.

"வாங்க சார். காயா, பழமா?"

"உங்ககிட்ட பேசணும்மா."

"தெரியும். நீங்க பாக்ஸைத் தெறந்த அன்னிக்கே திம்மராஜ் அண்ணன் போன் பண்ணிட்டாரு. ஒயரை மாத்திக் குடுத்துட்டீங்களாம்."

ஒரு லாரிக்காரருக்கு மாங்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தார். மணிக்கட்டில் அந்தத் தழும்பு கறுப்பாகி இருந்தது. லாரி போகும் வரை காத்திருந்தேன்.

"ரெண்டு ஃபேக்டரில போயி கேட்டேன் சார். பேரச் சொன்னதுமே, 'வால்வுல கை வெச்ச பொம்பளையா நீ'ங்கறாங்க. இந்த ஏரியா பூரா பரவிடுச்சு. ரெண்டு மாசந்தான் சார் எங்களுக்குச் சீசன். இந்த வருஷம் என்னைப் பர்மனென்ட் பண்றதா சொல்லியிருந்தாங்க, அதாவது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"உங்க மன்னிப்ப வெச்சிக்கினு நான் என்னா சார் பண்றது? ஊறுகா போடறதா?" கத்தியைத் துடைத்து வைத்தார். "அன்னிக்கு நோட்டைப் பிரிச்சு வரி வரியா படிச்சீங்க. என் பேரு, தேதி, மணி. நாப்பது பேரு சிரிச்சாங்க. அதே நோட்டு, அதே எடம். நெசத்தப் படிங்க. வேற ஒண்ணும் வாணாம்."

படிக்கிறேன் என்றேன். எப்போது என்று கேட்டார். ஜூலை ஒன்று, மதியம் மூன்று மணி டீ நேரம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

போன வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை மேனேஜரிடம் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. ஒயர், ஏணி, பதினாலு டிகிரி எல்லாம் போட்டுப் புதிதாக ஒன்று எழுதி மேசை மேல் வைத்தேன். "இதோட இந்தப் பக்கம் நீங்க வரவேணாம் சார்" என்றார். செவ்வாய்க்கிழமை டீ குடிக்க மட்டும் வருவேன் என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

கேன்டீனில் மூன்று மணிக்கு முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மே 30 அன்று போலப் பெஞ்சு மேல் ஏறவில்லை, நின்ற இடத்திலேயே நோட்டைப் பிரித்தேன். ஜூன் 18-ஐ முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. படித்து முடித்ததும் பழம் பொறுக்கும் பெண்களில் ஒருத்தி, "அப்ப அந்த முனிலட்சுமி?" என்று கேட்டாள். அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். முனிலட்சுமி அங்கே இல்லை.

எனக்குக் கோபம்கூட வந்தது. வரச்சொன்னவர் வரவில்லையே என்று. என் புத்தி அப்படி.

வெளியே வந்தால் கேட்டுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டே முக்காலுக்கே வந்துவிட்டாராம். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வாட்ச்மேன் அறைச் சுவரில் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது, உள்ளே அனுமதிக்கக் கூடாதவர்கள் என்று. ஒரே ஒரு பெயர். தேதி மே 30. ஏணி, ஒயர், மேனேஜர் எல்லாவற்றையும் யோசித்தவனுக்கு இந்தக் கேட்டு நினைவுக்கு வரவில்லை.

கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று மறுபடி முழுக்கப் படித்தேன். லாரிகள் போகும் சத்தத்தில் கத்திப் படிக்க வேண்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

முடித்ததும், "கொஞ்சம் காட்டுங்க சார்" என்று கம்பிக்கு இடையில் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார், மறுபடி முன்னால் வந்தார்.

"இதுல என் பேரே இல்லையே சார்."

வாங்கிப் பார்த்தேன். இல்லை. ஒயர் இருக்கிறது, உறை இருக்கிறது, பெயின்டர்கள்கூட இருக்கிறார்கள். மே 30 பக்கத்தில் அவர் பெயர் ஆறு இடத்தில் இருக்கிறது. இதில் "ஆபரேட்டர்" என்று ஒரே ஒரு இடம்.

பேனாவை எடுத்தேன். நோட்டைக் கேட்டுக் கம்பியில் சாய்த்துப் பிடித்தேன், எழுத்து கோணல்மாணலாக வந்தது. கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: "முனிலட்சுமி சொன்னதுதான் சரி. தொண்ணூற்றைந்தில் கூழ் தெறிக்காது. அவர் சொன்னபோது நான் கேலி செய்தேன்." கையெழுத்துப் போட்டு, பக்கத்தைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். அடுத்த சீசனில் எங்காவது வேலை கேட்கும்போது காட்டுவதாகச் சொன்னார். எனக்கு நன்றி சொல்லவில்லை, அது நியாயம்தான்.

பிறகு அந்தப் பேப்பரை வாட்ச்மேனிடம் நீட்டினார். "அண்ணே, இதப் படிச்சுப் பாருங்க." அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிதானமாக, உதட்டை அசைத்துப் படித்தார். முடித்து, மடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா ஆபீஸ்லேர்ந்து சொல்லாம நான் கேட்டத் தெறக்க முடியாது."

முனிலட்சுமி தலையாட்டிவிட்டு ரோட்டைக் கடந்து போனார். நான் உள்பக்கம் நின்றிருந்தேன். சுவரில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அது அங்கே வரக் காரணம் நான். அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். "சார், அதுல நீங்க கை வெக்கக் கூடாது" என்றார் வாட்ச்மேன்.